டேப் தட்டினால் பாதியில் நிற்கும் ஃபைல் பெயர்: எடிட்டர் என்ன சொல்ல வேண்டும்?

ஃபோல்டரில் ‘ரிப்போர்ட்-மே’, ‘ரிப்போர்ட்-ஜூன்’ என இரண்டு ஃபைல்கள். எடிட்டரில் ‘ரிப்’ என டைப் செய்து டேப் கீயைத் தட்டினால், பல எடிட்டர்களில் பெயர் ‘ரிப்போர்ட்-’ வரை நிரம்பி நின்றுவிடும். அவசரத்தில் அப்படியே என்டர் தட்டினால்? அதே அரைகுறைப் பெயரில் புதிதாக ஒரு காலி ஃபைல் திறக்கலாம். ‘எழுதினதெல்லாம் எங்கே போச்சு?’ என்ற பதற்றம் அங்கேதான் ஆரம்பம்.

இதைத் தவிர்க்க எடிட்டர்கள் என்ன செய்கின்றன?

ஈமேக்ஸ்: பொருந்துவது ஒரே பெயர்தானா, பெயர் முழுமையானாலும் அதே எழுத்துகளில் தொடங்கும் வேறு ஃபைலும் உண்டா, எதுவுமே பொருந்தவில்லையா என்பதைத் தனித்தனி வாசகமாகக் காட்டும். டேப் தட்டிய கையோடு என்டர் தட்டி, அந்தப் பெயரில் ஃபைல் இல்லாவிட்டால், மறுபடி உறுதி கேட்கும்.

விம்: ‘வைல்ட்மெனு’ வசதியை ஆன் செய்து டேப் தட்டினால், பொருந்தும் பெயர்கள் வரிசையாகத் தெரியும்.

விஎஸ் கோட்: கன்ட்ரோல், பி கீகளைச் சேர்த்து அழுத்தினால், டைப் செய்யச் செய்ய பட்டியல் சுருங்கிக்கொண்டே வரும்.

வெறும் ‘பீப்’ சத்தம் போதாது. ம்யூட்டில் இருந்தால் அதுவும் கேட்காது. இன்னும் எத்தனை பெயர்கள் பொருந்துகின்றன, என்டர் தட்டினால் திறப்பது பழைய ஃபைலா, புதியதா? இந்த இரண்டையும் திரையிலேயே சொல்லிவிடுவதுதான் நல்ல எடிட்டருக்கு அழகு.