நிறம் போனால் உப்பும் போகுமா?

புதுச்சேரிக்கும் சாயத்துக்கும் பழைய உறவு. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இங்கே அவுரிச் சாயம் தோய்த்த நீலத் துணி, 'கினே' என்ற பெயரில் ஆப்பிரிக்காவின் செனகல் வரை கப்பலேறியது. அவுரி, வயலில் விளைந்த செடி. இன்றைய சாயங்களில் பெரும்பாலானவை ரசாயனத்தால் ஆனவை; தண்ணீரில் கலந்தால் லேசில் மக்காது.

அந்த நிறத்தைப் பிடிக்கும் கரியைத் தென்னந்தோப்பில் கிடக்கும் கழிவிலிருந்தே செய்யலாம். கொட்டாங்குச்சியைக் காற்றுப் படாமல் சுட்டால் கரி. அதை 800 டிகிரிக்கு மேல் நீராவியில் வாட்டினால், கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் விழும். இதுதான் ஆக்டிவேட்டட் கார்பன். ஒரு கிராம் கரியின் உள்பரப்பை விரித்தால் சுமார் 1,000 சதுர மீட்டர், அதாவது கால் ஏக்கர்! சாயம் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். அடுப்புக்கரிக்கு இந்தச் சக்தி கிடையாது. அதைத் தொட்டியில் கொட்டிப் பார்ப்பது வீண் வேலை.

கொட்டாங்குச்சிக் கரியின் துளைகள் மிகவும் நுணுக்கமானவை. வீட்டுக் குடிநீர் வடிகட்டிக்கு அது போதும். பருமனான சாய மூலக்கூறுகள் எல்லாம் அதில் நுழையாது. அதனால் ஆய்வாளர்கள் மற்ற தாவரக் கழிவுகளையும் சோதித்தார்கள். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் சி.நமசிவாயமும் டி.கவிதாவும், தென்னைநார்க் கழிவிலிருந்து செய்த கரியால் 'காங்கோ ரெட்' என்ற சிவப்புச் சாயத்தை நீரிலிருந்து பிரித்து, 2002-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள்.

ஆனால், உழவருக்கு முக்கியமான விஷயம் வேறு. கரி நிறத்தைத்தான் பிடிக்கும், உப்பைப் பிடிக்காது. பருத்தி நூலில் சாயம் ஏறுவதற்காகப் பட்டறைகளில் கறியுப்பு அல்லது சோடியம் சல்பேட்டை மூட்டை மூட்டையாகப் போடுகிறார்கள். அவ்வளவும் கழிவுநீரில்தான் வந்து சேரும். திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் இறங்கி, பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. அந்த உப்பு நிலத்தையும் கிணறுகளையும் கெடுத்தது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. உப்பைப் பிரிக்க ஆர்.ஓ. போன்ற சவ்வு முறையும், மிச்ச நீரைக் காய்ச்சி வற்றவைக்கும் ஆவியாக்கியும் வேண்டும். செலவு அதில்தான்.

ஆகவே, "சுத்திகரித்த தண்ணீர், பாய்ச்சிக்கொள்ளுங்கள்" என்று யாராவது கண்ணாடி போன்ற நீரைக் காட்டினால், முதலில் அதன் மின்கடத்துத் திறனைக் கேளுங்கள். மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குக் கீழே என்றால் உப்பால் பயமில்லை. 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிர்கள் தாங்காது. சோடியம் அளவையும் பார்க்க வேண்டும். அது கூடினால் மண் இறுகி, தண்ணீர் இறங்காது. புதுச்சேரி விவசாயிகள் குரும்பாபட்டில் உள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம்.

சாயம் பிடித்து ஓய்ந்த கரியை, 'கரி உரம்' என்று சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். பிடித்த சாயம் அதற்குள்ளேயேதான் இருக்கிறது. எருக்குழியிலோ வயலிலோ போட்டால் மறுபடி கசியலாம். அதை அப்புறப்படுத்துவது பட்டறைக்காரரின் பொறுப்பு.