தரையில் விழுந்த மாத்திரை

நோயாளிக்குத் துணையாக மருத்துவமனையில் தங்கும் இரவுகள் நெடியவை. அதிலும், பிறந்த ஊரை விட்டு வந்து, மொழி முற்றும் பழகாத நகரில் வாழும் நம்போன்றோர்க்கு வார்டில் நிகழும் சிறு செயலும் ஐயத்தைத் தரும். யாரிடம் கேட்பது, எவ்வாறு கேட்பது என்று தயங்கியே பலவற்றை நாமாகச் செய்துவிடுகிறோம். அவ்வாறு நாம் செய்த ஒரு தவற்றிலிருந்தே இப்பேச்சைத் தொடங்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், வடநாட்டு நகர் ஒன்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட உறவினர் ஒருவரின் கட்டிலருகே இருந்தோம். செவிலி கொடுத்த மாத்திரை அவருடைய நடுங்கும் விரல்களினின்று நழுவித் தரையில் உருண்டது. குனிந்து எடுத்தோம், ஊதினோம், கைக்குட்டையால் துடைத்தோம், மீண்டும் அவர் வாயருகே கொண்டுசென்றோம். அடுத்த கட்டிலருகே நின்ற செவிலி விரைந்து வந்து தடுத்தார். கடிந்துகொள்ளவில்லை. ஒரு தாள்துண்டில் அம்மாத்திரையை வாங்கிக்கொண்டார், கைகளைக் கழுவினார், வேறொரு மாத்திரையைக் கொணர்ந்து கொடுத்தார், பின்பு குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். ஒரு மாத்திரைக்கு இத்தனை சடங்கா என்று அன்று எண்ணினோம். ஒவ்வொன்றுக்கும் தக்க காரணம் உண்டென்பதைப் பின்னரே அறிந்தோம்.

முதற்காரணம் தரை. வார்டின் தரை கண்ணுக்குப் பளிச்சென்று தோன்றலாம். ஆயினும் சளி, சிறுநீர், சீழ் ஆகியவற்றின் துளிகள் அங்கே விழுகின்றன. பலர் காலணிகளும் கட்டில் சக்கரங்களும் அவற்றை எங்கும் பரப்புகின்றன. புண்ணைச் சீழ்பிடிக்கச் செய்யும் ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற கிருமிகள் உலர்ந்த பரப்பிலும் பல நாள், சில வேளை பல மாதங்கள்கூட, உயிரோடிருக்க வல்லவை. ‘உடனே எடுத்துவிட்டால் குற்றமில்லை’ என்பார் உளர். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆராய்ச்சி, கீழே விழுந்த உணவில் ஒரு நொடிக்குள்ளேயே கிருமிகள் ஒட்டிக்கொள்ளக்கூடும் என்று காட்டிற்று. ஈரமான தர்ப்பூசணியில் மிகுதியாகவும், உலர்ந்த பண்டங்களில் குறைவாகவும் ஒட்டின. மாத்திரை உலர்ந்ததே, ஆனால் அது வியர்த்த விரல்களைத் தொட்டது, செல்லவிருப்பதோ நோயால் எதிர்ப்பாற்றல் குன்றிய உடலுக்குள். துடைத்தால் தூசி போகும், கிருமி போகாது. கழுவினாலோ மேற்பூச்சு கரைந்து மருந்தின் அளவே குறைந்துவிடும்.

தரையைத் தொட்ட கைக்கும் இது பொருந்தும். கையில் தேய்த்துக்கொள்ளும் ஆல்ககால் திரவம் பெரும்பாலான கிருமிகளை அழிக்கும். எனினும், கொடிய வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சில கிருமிகளின் வித்துக்களை அழிக்காது. ஆதலால் சோப்பும் நீரும் கொண்டு கழுவுதலே நலம்.

இரண்டாங்காரணம், அம்மாத்திரை யாருடையது என்பது. நம் கண்முன் விழுந்ததை அறிவோம். கட்டிலடியில் கிடப்பதை எவ்வாறு அறிவது? அது பக்கத்துக் கட்டில்காரரின் இதய மருந்தாக இருக்கலாம். நேற்று விழுந்ததாகவும் இருக்கலாம். வெள்ளை மாத்திரைகள் பல ஒன்றுபோலவே இருக்கும். மேலும், கிடக்கும் மாத்திரை ஒன்று, யாரோ ஒருவர் தம் வேளை மருந்தை உண்ணவில்லை என்பதற்கு அடையாளமாகும். காண வந்த குழந்தை அதை மிட்டாயென்று வாயிலிட்டால் விளைவு என்னாகும்?

மூன்றாவது, எழுதுதல். மாத்திரை வீணாயிற்று, மாற்று கொடுக்கப்பட்டது என்ற குறிப்பு இல்லையேல், அடுத்து வரும் செவிலி மருந்து கொடுக்கப்படவில்லையென்று இரண்டாம் முறை கொடுக்கவும் கூடும். கொடுக்கப்பட்டதென்று விட்டுவிடவும் கூடும். மார்ஃபின் போன்ற கட்டுப்பாட்டு மருந்தாயின், அது வீணானதற்கு மற்றொருவர் சாட்சியாகக் கையொப்பமிடுவது வழக்கம். விலக்கிய மருந்தைக் குப்பைக்கூடையில் எறிவதும் முறையன்று. 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி அது மஞ்சள் நிறப் பையில் சேரவேண்டும்.

இனி, துணையிருப்போர் செய்யத்தக்கவை சிலவே. மாத்திரையை நோயாளி உண்ணும் வேளையில்தான் உறையினின்று பிரித்தல் வேண்டும். கை நடுங்குவோர்க்குச் சிறு கிண்ணத்தில் இட்டுக் கொடுத்தல் நன்று. விழுந்துவிட்டால் உண்ணக் கொடாமலும் மறைக்காமலும் செவிலியிடம் சொல்லவேண்டும். இந்தி வழங்கும் இடமாயின், ‘தவா கிர் கயீ’, அதாவது ‘மருந்து விழுந்துவிட்டது’, என்னும் மூன்று சொற்கள் போதும். அதுவும் வாராதெனில், மாத்திரையைத் தாளில் எடுத்துக் காட்டித் தரையைச் சுட்டினால் எம்மொழியினர்க்கும் விளங்கும்.

இவற்றுள் கடினமானது சொல்லுதலே. விலையுயர்ந்த மருந்தை வீணாக்கினோமே என்ற கூச்சமும், ஏசுவார்களோ என்ற அச்சமும் நாவைக் கட்டுகின்றன. செவிலியர்க்கும் அவ்வச்சம் உண்டு; பணி மிகுந்த இரவில், ஒருவரும் காணவில்லையென்றால், எடுத்துக் கொடுத்துவிடலாமே என்ற எண்ணம் எவர்க்கும் எழும். அவ்வேளையில் உண்மையைச் சொல்பவரை ஏசாதிருப்பதும் நோயாளியைக் காக்கும் வழியேயாம். அன்று அந்தச் செவிலி நம்மைக் கடிந்திருந்தால், அடுத்த மாத்திரை விழுந்தபோது நாம் வாய் திறந்திருப்போமா? திறந்தோம், ‘தவா கிர் கயீ’ என்றோம். அவர் புன்னகையுடன் குறிப்பேட்டை எடுத்தார்.