அளக்க வருபவர் முதலில் கேட்கட்டும்!



கையில் கோப்பும் நடையில் அவசரமுமாக ஒருவர் தெருவுக்குள் வருகிறார். வீடுகளை எண்ணுகிறார், குழாய்களை எண்ணுகிறார், நான்கைந்து பேரிடம் பெயரையும் வயதையும் கேட்டு எழுதிக்கொள்கிறார். மாலைக்குள் புறப்பட்டுவிடுகிறார். சில மாதங்களுக்குப் பின் எங்கோ ஓர் அலுவலகத்தில் அந்தத் தெருவைப் பற்றிய அறிக்கை தயாராகிவிடுகிறது. அதில் என்ன எழுதப்பட்டது என்பது மட்டும் தெருவாசிகளுக்குத் தெரிவதேயில்லை. இத்தகைய காட்சியை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

ஆலோசகர் என்றும் மதிப்பீட்டாளர் என்றும் இன்று பலர் பணியாற்றுகின்றனர். நம் வீட்டுப் பிள்ளைகளிலும் சிலர் பட்டம் பெற்று அப்பணிக்குச் செல்கின்றனர். அது எளிய பணியன்று. அவர் எழுதும் ஒரு வரியை நம்பிக் கோடிக்கணக்கில் பணம் செலவாகலாம்; அவர் எழுதாமல் விட்ட ஒரு வரியால் ஏழைகளின் பல்லாண்டு உழைப்பு வீணாகலாம். இது மிகையான பேச்சன்று. கராச்சி மாநகரம் கண்ட அனுபவம் இதற்குச் சான்று.

ஒராங்கிக்கு வந்த முதியவர்

கராச்சியின் மேற்கு விளிம்பில் இருப்பது ஒராங்கி. 1965 வாக்கில் குடியேற்றம் தொடங்கி, பின்னர் இலட்சக்கணக்கானோர் வாழும் பகுதியாக அது வளர்ந்தது. 1971க்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த பீகாரிகளும், பட்டாணியரும், பஞ்சாபியரும் அங்கே அடுத்தடுத்து வாழ்ந்தனர். வீட்டை அவர்களே கட்டிக்கொண்டனர். ஆனால் கழிவுநீர் செல்ல வழியில்லை. சந்துகளில் சாக்கடை தேங்கியது, நோய் பரவியது, ஊறிய ஈரத்தால் வீட்டுச் சுவர்களும் பழுதடைந்தன.

1980இல் அக்தர் ஹமீத் கான் அங்கே வந்தார். 1914இல் பிறந்த அவர், ஆங்கிலேயர் காலத்து ஐ.சி.எஸ். பதவியை 1945இல் துறந்தவர். அதன்பின் அலிகர் அருகே கூலித் தொழிலாளியாகவும் பூட்டுத் தொழிலாளியாகவும் உழைத்து வாழ்ந்து பார்த்தவர். பின்னாளில், இன்றைய வங்காள தேசத்திலுள்ள குமில்லாவில் கிராம வளர்ச்சிப் பணியை வழிநடத்திப் புகழ் பெற்றவர். வங்கியாளர் ஆகா ஹசன் ஆபிதியின் அழைப்பின் பேரில், ஒராங்கி மக்களுக்கு என்ன செய்யலாம் என்று கண்டறியும் பொறுப்பு அவரிடம் வந்தது.

அவர் என்ன செய்தார் தெரியுமா? எதையும் கட்டவில்லை, எதையும் வழங்கவில்லை. மாதக்கணக்கில் சந்து சந்தாக நடந்தார். தேநீர்க் கடைகளிலும் வீட்டு வாசல்களிலும் அமர்ந்து மக்களிடம் பேசினார். அவர்களைப் பெரிதும் வருத்துவது சாக்கடையே என்பதை அறிந்தார். அப்படியானால் ஏன் அவர்களே அதைச் சரிசெய்துகொள்ளவில்லை? அந்தக் கேள்விக்கும் விடை அவர்களிடமே கிடைத்தது.

நான்கு தடைகள்

அவர் கண்டறிந்த தடைகள் நான்கு. இது அரசாங்கத்தின் வேலை, அதுவே இலவசமாகச் செய்யும் என்று காத்திருந்தது மனத்தடை. ஒப்பந்தக்காரர் கேட்கும் விலையைத் தர முடியாதது பொருளாதாரத் தடை. குழாய் பதிக்கும் நுட்பம் அறியாதது தொழில்நுட்பத் தடை. அடுத்தடுத்த வீட்டார் ஒன்றுகூடி இயங்காதது சமூகத் தடை.

இந்த நான்கையும் பாருங்கள். வீடுகளை எண்ணியோ குழாய்களை எண்ணியோ இவற்றைக் கண்டுபிடிக்க இயலுமா? கேட்கத் தெரிந்த காதுக்கே இவை அகப்படும்.

எனவே பணியின் ஒழுங்கும் இதற்கேற்ப அமைந்தது. இருபது முதல் நாற்பது வீடுகள் கொண்ட ஒரு சந்து ஓர் அலகாயிற்று. அச்சந்தினர் தங்களுக்குள் ஒரு பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்தனர். திட்டத்தினர் மட்டம் பார்த்து, வரைபடம் போட்டு, செலவைக் கணக்கிட்டுக் கொடுத்தனர். கருவிகளையும் இரவலாகத் தந்தனர். பணத்தை மட்டும் அவர்கள் தொடவில்லை. பொறுப்பாளரே வசூலித்தார், மக்களே செலவிட்டனர். இடைத்தரகர் இலாபமும் கையூட்டும் இல்லாததால், தொடக்க ஆண்டுகளில் ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 1,000 பாகிஸ்தான் ரூபாயில் வேலை முடிந்தது. அரசு வழியில் செய்திருந்தால் பல மடங்கு ஆகியிருக்கும்.

தவற்றை மறைக்காத மதிப்பீடு

முதலில் போட்ட சந்துகளில் குறைகள் இருந்தன. கான்கிரீட் கலவை சரியில்லை. போட்ட கான்கிரீட்டைச் சில நாள்கள் ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியவில்லை. ஆலோசகராக 1982இல் இணைந்த கட்டடக் கலைஞர் ஆரிப் ஹசனும் மற்றவர்களும் அக்குறைகளை ஆராய்ந்தனர். ஆராய்ந்து கோப்பில் பூட்டி வைக்கவில்லை. அச்சுகளையும் வடிவமைப்பையும் எளிமையாக்கி, செய்முறையை மக்களுக்கே கற்றுக்கொடுத்தனர். பகுதி இளைஞர்கள் நிலஅளவை கற்று வரைபடம் தீட்டினர். 1990களின் தொடக்கத்துக்குள் 70,000க்கும் அதிகமான வீடுகள் இவ்வாறு பயன்பெற்றன.

எல்லாம் நிறைவேறிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. வீட்டுக் கழிப்பறையும் சந்துக் குழாயும் மக்களால் ஆகும். பெருங்கால்வாயும் சுத்திகரிப்பு நிலையமும் அரசின் கடமை. அந்த எல்லையை அவர்கள் வெளிப்படையாகவே வகுத்துக் கூறினர். இயன்றது எது, இயலாதது எது என்று பிரித்துச் சொல்வதும் மதிப்பீட்டாளரின் நேர்மையே.

வெற்றிடமாகத் தெரிந்த தெருக்கள்

இப்போது மற்றொரு பக்கத்தைப் பார்ப்போம். அதே கராச்சியின் கிழக்கே கோரங்கி என்னும் பகுதி. அங்கே கழிவுநீர்த் திட்டம் ஒன்றுக்காக ஆசிய வளர்ச்சி வங்கியிடம் 7 கோடி டாலர் கடன் பெற ஏற்பாடாயிற்று. திட்டம் தீட்டியவர்கள் படித்த நிபுணர்களே. ஆனால் மக்கள் ஏற்கெனவே பதித்திருந்த குழாய்களும், அவை சென்று சேரும் இயற்கை ஓடைகளும் அத்திட்டத்தில் உரிய இடம் பெறவில்லை. மக்கள் தம் சொந்தப் பணத்தால் செய்தது, வரைபடத்தில் வெற்றிடமாகிவிட்டது!

ஒராங்கித் திட்டத்தினர் தங்கள் வரைபடங்களோடு வந்து இதைச் சுட்டிக்காட்டினர். இருப்பதைப் பயன்படுத்திக் குறைந்த செலவில் முடிக்கும் மாற்று வழியையும் முன்வைத்தனர். 1999இல் அக்கடன் கைவிடப்பட்டது. சந்து இளைஞர்கள் தீட்டிய வரைபடம், நாடு ஒரு பெருங்கடனைச் சுமக்காமல் தடுக்க உதவியது.

அதே 1999இல் அக்தர் ஹமீத் கான் மறைந்தார். 1983 முதல் அப்பணியில் உழைத்த பர்வீன் ரஹ்மான் என்ற பெண்மணி, 2013 மார்ச் 13 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். ஏழைகளின் குடியிருப்பு நிலத்தையும், களவு போகும் தண்ணீரையும் அவர் ஆவணப்படுத்தி வந்தார். உள்ளதை உள்ளபடி வரைவதும் சிலருக்குப் பொறுக்காது என்பதை அம்மரணம் நமக்கு உணர்த்துகிறது.

நாம் கேட்க வேண்டியவை

மதரஸாவில் பாடம் சொல்லும் எனக்கு ஒன்று தோன்றுகிறது. பிள்ளை ஓதுவதைக் கேளாமலே மதிப்பெண் போடும் ஆசிரியரை நீங்கள் ஏற்றுக்கொள்வீர்களா? தெருவாசியின் சொல்லைக் கேளாமல் தெருவை மதிப்பிடுபவரும் அத்தகையவரே.

ஆகவே, இப்பணிக்குச் செல்லும் உங்கள் மகனிடமோ மகளிடமோ மூன்று கேள்விகளைக் கேளுங்கள். 'அங்குள்ளவர்கள் தாமாகவே செய்து வைத்திருப்பதை நீ பார்த்தாயா? சபையில் பேசாத பெண்களிடமும் கூலிக்குச் செல்பவர்களிடமும் அவர்களுக்கு ஏற்ற நேரத்தில் போய்க் கேட்டாயா? எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டித் தவற்றைத் திருத்தினாயா?'

நம் மஹல்லாவில் உதவி தேவைப்படுவோரைக் கணக்கெடுக்கும்போதும் இதே கேள்விகள் நமக்கும் உண்டு. பட்டியலைக் கையில் எடுக்குமுன் சற்று நேரம் அந்த வீட்டுத் திண்ணையில் அமருங்கள். அவர்கள் பேசட்டும், பேசி முடித்த பின் எழுதத் தொடங்குங்கள்.