பேய்க்கதையும் பிறப்பும்

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதிலே, புறக்கோட்டை நடைபாதைக் கடையொன்றிற் பழைய நூல்களைப் புரட்டிக்கொண்டு நின்றேன். என்னிடம் தமிழ் பயிலும் மாணவனொருவன் வந்து வணங்கினான். அவன் தந்தையார் அத்தெருவிலே மூட்டை சுமப்பவர். என் கையிலிருந்த நூலைக் கண்டு, "ஐயாவும் ஆங்கிலப் பேய்க்கதை வாசிப்பீர்களோ?" என்று வியந்தான்.

"தம்பி, மன்றேறி வழக்குரைக்க இயலாதவருடைய வழக்கே பேய்க்கதை" என்றேன்.

அந்நூல் ஹொரஸ் வால்போல் 1764இல் வெளியிட்ட 'ஒட்ரான்டோ கோட்டை'. 'கோதிக்' எனப்படும் அச்சக்கதை மரபுக்கு முதனூல் அதுவே. பாட்டன் நஞ்சிட்டுக் கவர்ந்த அரசினைப் பேரன் மான்பிரெட் ஆள்கின்றான். வானினின்று வீழ்ந்த பெருந்தலைக்கவசம் அவன் மகனை மணநாளிலே நசுக்குகின்றது. அவன் சிறையிட்ட குடியானவ இளைஞனே முடிவில் உரிமையாளனாகின்றான். கோட்டை இடிந்து வீழ்கின்றது.

"எங்கள் மதுரை வீரன் கதைபோல இருக்கிறதே ஐயா! தோட்டத்தில் எங்கள் லயத்தருகே அவனுக்குக் கோயில் உண்டு" என்றான்.

உண்மைதான். மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு மாண்ட வீரனின் சினம் நகரை வருத்த, தண்டித்த அரசனே பூசை நிறுவினான் என்பது கதை. மதுரை மீனாட்சியம்மன் கோயிற் கிழக்குக் கோபுர வாயிலருகே இன்றும் அவனுக்குச் சந்நிதி உண்டு. மேலைநாட்டிலே கொடியோன் மனை இடிகின்றது. நம் நாட்டிலே கொலையுண்டவனுக்குக் கோயில் எழுகின்றது.

அத்துடன் நின்றேனல்லேன். "இன்னுமோர் ஒற்றுமை கேள். அக்குடியானவன் உண்மையில் அரசமரபினன். நம் வீரனும் காசி அரசன் மகன், காட்டில் விடப்பட்டுத் தோற்றொழில் செய்வோரால் வளர்க்கப்பட்டவன்" என்று பெருமிதத்தோடு கூறினேன்.

சிறுவன் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "அவன் அந்தத் தோற்றொழிலாளர் வயிற்றிலேயே பிறந்திருந்தால், அவனுக்கு நியாயம் கிடைத்திராதா ஐயா?" என்று கேட்டான்.

முப்பதாண்டு கற்பித்த எனக்கு மறுமொழி தோன்றவில்லை. தாழ்த்தப்பட்டோன் பழிதீர்க்கவும் உயர்ந்த குருதி வேண்டுமென்று விதித்தவர் யார்? அரசப் பிறப்புப் பின்னாளில் ஒட்டப்பட்டதென்று கருதும் ஆராய்ச்சியாளரும் உளர். கதை கேட்ட உயர்ந்தோர் மனம் நோகாமைப்பொருட்டு ஒட்டினர் போலும். யானும் அவ்வொட்டினையே இத்துணைக் காலம் உவந்து போதித்தேன்.

இவ்விலங்கினை உடைத்தவர், பதினெட்டு வயதில் எழுதத் தொடங்கி 1818இல் 'பிராங்கன்ஸ்டைன்' நூலை வெளியிட்ட மேரி ஷெல்லி. அவர் படைத்த உயிருக்குக் குலமில்லை, பெயருமில்லை. செல்வமும் குலமும் இல்லாதார்க்கு உலகில் மதிப்பில்லை என்பதை ஒரு குடிசையின் மறைவில் ஒற்றுக்கேட்டுக் கற்கின்றது. அது செய்த கொலைகளை நாம் ஏற்கவேண்டுவதில்லை. ஆயினும், 'படைத்த நீயே என்னைத் துறந்ததேன்?' என்ற அதன் முறையீட்டுக்குக் குலச்சான்று வேண்டியதில்லை.

அடுத்த வகுப்பிலே மதுரை வீரன் கதையை மீண்டும் சொல்லவிருக்கின்றேன். இம்முறை காசி அரண்மனையிலன்று, அவனை எடுத்து வளர்த்த அன்னையின் குடிசையிலே கதை தொடங்கும். முன்வரிசையில் அம்மாணவன் இருப்பான்.