ஆயிரம் அடி போரும் நாலு அங்குலத் தண்ணீரும்

மணப்பாறைக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். முதல் போர்வெல் 400 அடி, அடுத்தது 650, மூன்றாவது 900. மூன்றும் போய்விட்டன. "ஸ்ரீரங்கத்தில் என் அத்தை வீட்டு அடி பம்பை நாலு தட்டுத் தட்டினால் தண்ணீர் கொட்டுகிறது. நடுவே நாற்பது கிலோமீட்டர்தான். 1,200 அடி போனால் பாதாள நீரோட்டம் கிடைக்கும் என்று ரிக் வண்டிக்காரர் சொல்கிறார். போகலாமா?"

போக வேண்டாம். காரணம் கொஞ்சம் நீளம்.

முதலில் அந்தப் பாதாள நீரோட்டத்தை முடித்துவிடுவோம். மணப்பாறைக்கு அடியில் ஆறு எதுவும் ஓடவில்லை. அங்கே இருப்பது பாறை. அத்தை வீட்டுக்கு அடியில் இருப்பது மணல். காவிரியும் கொள்ளிடமும் இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டு, ஆண்டாண்டாய்க் கொண்டுவந்து கொட்டிய மணல். அந்த மணலில் எங்கே குத்தினாலும் தண்ணீர் வரும். குத்தியவருக்கு அதில் பெருமை ஒன்றும் இல்லை.

மணப்பாறை, மருங்காபுரி, வையம்பட்டிப் பக்கம் நிலைமை எப்படி என்று தெரிய மலைக்கோட்டையை அண்ணாந்து பார்த்தால் போதும். அந்த மாதிரிக் கடும்பாறைதான் அங்கேயும் கிடக்கிறது, மேலே மண் போர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான். உச்சிப் பிள்ளையார் சன்னதி வாசலில் ரிக் வண்டியை நிறுத்தி 1,200 அடி போர் போட்டால் என்ன கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் மூடாமல் விட்ட போரில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தபோது, பக்கத்தில் இணைக்குழி தோண்ட வந்த ராட்சத இயந்திரங்கள் அடி அடியாகத் திணறியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. இயந்திரங்களை மறித்தது அந்தப் பாறைதான்.

அப்படியானால் பாறையில் தண்ணீர் எப்படி வருகிறது? இதற்கு மணப்பாறை முறுக்கைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும். புவிசார் குறியீடு வாங்கிய முறுக்கு. அதன் ருசிக்கு உள்ளூர்த் தண்ணீரின் லேசான உவர்ப்பே காரணம் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள்.

ஒரு டின் முறுக்கு வாங்கி வீடு வந்து சேர்ந்தால் கொஞ்சம் தூளாகியிருக்கும், கொஞ்சம் உடைந்திருக்கும், மீதி முழுசாக இருக்கும். டின்னில் தூள் அடியில் தங்கும். பூமியில் தலைகீழ். வெயிலும் மழையும் வேரும் லட்சக்கணக்கான ஆண்டுகளாகப் பாறையை மேலிருந்து தின்றதால் தூள் மேலே இருக்கிறது. மண்ணுக்குக் கீழே சில பத்தடிகளுக்குச் சிதைந்த பாறை, அதற்கும் கீழே விரிசல் விட்ட பாறை, அதற்கும் கீழே உளிக்கு அசையாத முழுப்பாறை. இப்போது டின்னில் மோரை ஊற்றுங்கள். முறுக்கு வீணானால் என் பொறுப்பு. தூள் மோரைக் குடித்து வைத்துக்கொள்ளும். உடைந்த துண்டுகளின் இடுக்கு வழியே மோர் ஓடும், ஆனால் தங்காது. முழு முறுக்கு மேலே நனையும், உள்ளே மொறுமொறுவென்றே இருக்கும். ஊற்றுகிறவர் வடகிழக்குப் பருவமழை. ஆண்டுக்கு ஒரு முறை வருவார், சில ஆண்டு சொம்பு காலி. ஸ்ட்ராவால் உறிஞ்சுகிறவர் நீங்கள். அதே டின்னில் பக்கத்துத் தோட்டக்காரரும் ஒரு ஸ்ட்ரா போட்டிருக்கிறார், அவருடையது உங்களுடையதைவிடத் தடிமன்.

கவனிக்க வேண்டியது இதுதான்: தொட்டி வேறு, குழாய் வேறு. தொட்டி மேலே இருக்கும் தூள். விரிசல்கள் வெறும் குழாய். போரை ஆழப்படுத்தும்போது குழாய்தான் நீள்கிறது. தொட்டி அங்குலம்கூடப் பெரிதாவதில்லை.

அந்தக் குழாயிடம் ஒரு வினோதக் கணக்கு இருக்கிறது. எனக்கு இதில் தனிப் பிரியம். விரிசலின் அகலம் இரண்டு மடங்கானால் அதில் ஓடும் தண்ணீர் இரண்டு மடங்காவதில்லை, எட்டு மடங்காகிறது. அகலத்தின் முப்படிக்கு ஏற்ப ஓட்டம் கூடும். தலைமுடியின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அப்படியானால் ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒற்றை விரிசல், முடி அகலமுள்ள ஆயிரம் விரிசல்களுக்குச் சமம். அண்ணன் தோட்டத்தில் மூன்று இன்ச் தண்ணீர் பீறிட்டு, வரப்புக்கு இந்தப் பக்கம் தம்பி தோட்டத்தில் 700 அடி வரை வெறும் புழுதி பறப்பதன் ரகசியம் இந்தக் கணக்கில் இருக்கிறது. ஒருவர் போர் அந்த ஒரு மில்லிமீட்டரைத் தொட்டது, மற்றவர் போர் தொடவில்லை. ஜாதகத்தை ஏன் இழுக்க வேண்டும்?

கணக்கைத் திருப்பிப் போடுங்கள். ஆழம் போகப் போக மேலே இருக்கும் பாறையின் கனம் விரிசல்களை நெருக்குகிறது. அகலம் பாதியானால் ஓட்டம் எட்டில் ஒன்று. மூன்றில் ஒன்றானால் இருபத்தேழில் ஒன்று. ஆழத்தில் நல்ல விரிசல் அறவே இல்லை என்று சொல்லவில்லை. எப்போதாவது சிக்கும். ஆனால் ஒவ்வொரு நூறு அடிக்கும் நீங்கள் வாங்கும் லாட்டரிச் சீட்டின் விலை ஏறுகிறது, பரிசு குறைகிறது. சிக்கிய தண்ணீரும் பாறையோடு நெடுநாள் குடித்தனம் செய்ததாக இருக்கும், உப்பையும் சில இடங்களில் ஃபுளோரைடையும் கூட்டிக்கொண்டு வரும்.

"ஆனால் புதுப் போரில் முதல் நாள் நன்றாக வந்ததே?" வரும். ஆறரை இன்ச் போரில் ஓர் அடிக்கு ஆறரை லிட்டர் தண்ணீர் நிற்கும். 600 அடிக்கு நின்றால் 3,900 லிட்டர். மோட்டாரைப் போட்டதும் வருவது அந்த இருப்புதான். அரை மணி, முக்கால் மணி ஜோராகக் கொட்டும், பிறகு காற்றும் தண்ணீருமாகத் துப்பும். விரிசல் எவ்வளவு தருகிறது என்பது அதற்குப் பிறகுதான் தெரியும். பூசை போட்டு, தேங்காய் உடைத்து, எல்லோரும் வீடு திரும்பியிருப்பார்கள்.

இந்த இருப்பைப் பழைய கிணற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முப்பது அடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் ஓர் அடி தண்ணீர் என்பது 20,000 லிட்டர். ஆயிரம் அடி போர் வாய் வரை நிரம்பி நின்றாலும் 6,500 லிட்டர்தான். லட்சக்கணக்கில் செலவழித்துப் போட்ட ஆயிரம் அடி போரின் முழு இருப்பு, தாத்தா வெட்டிய கிணற்றில் நாலு அங்குலம். அந்தக் கிணற்றைத்தான் பல ஊர்களில் குப்பை கொட்டித் தூர்த்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு மாயையும் உண்டு. நல்ல மழை பெய்தால் மணப்பாறைப் பக்கத்துக் கிணறுகள் மளமளவென்று ஏறும், "ஒன்பது அடி ஏறிடுச்சு" என்று ஊரே மகிழும். சிதைந்த பாறையில் நூறு பங்குக்கு மூன்று பங்குபோலத்தான் வடிந்து கையில் கிடைக்கும் தண்ணீர். ஆற்று மணலில் அது பதினாறு பங்கு. எனவே 80 மில்லிமீட்டர் தண்ணீர் உள்ளே இறங்கினால் பாறைப் பகுதியில் மட்டம் ஏறக்குறைய ஒன்பது அடி ஏறும், ஸ்ரீரங்கத்து மணலில் ஒன்றரை அடிதான் ஏறும். ஒரே தண்ணீரை ஒல்லி டம்ளரிலும் அண்டாவிலும் ஊற்றிய கதை. மளமளவென்று ஏறியது அதே வேகத்தில் இறங்கும்.

வரலாறும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கரிகாலனின் கல்லணையும், 1836-இல் ஆர்தர் காட்டன் தொடங்கிய முக்கொம்பு மேலணையும் ஆற்றோரத்துக்காரர்களின் பெருமை. மேட்டுக்காட்டுக்காரர்களுக்குக் கிணறும், மாடு கட்டி இறைக்கும் கவலையும்தான். மாடு களைத்தால் கிணறும் ஓய்வெடுத்தது. 1966–67 பீகார் பஞ்சத்தை ஒட்டி, பாறையைச் சம்மட்டிபோல் அடித்துத் துளைக்கும் ரிக்குகளை யுனிசெஃப் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அடுத்து வந்த இந்தியா மார்க் 2 அடி பம்பு, கோவை மாவட்டத்தில் சோதிக்கப்பட்டு உலகம் சுற்றியது. நிமிடத்துக்கு 12 லிட்டர்போல வரும், கை வலித்தால் நிற்கும். பிறகு மின்மோட்டார் வந்தது, 1990-இல் தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமானது, திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்க ஓடின. மோட்டாருக்குக் கை வலிப்பதில்லை.

உள்ளங்கையில் தேங்காயை வைத்து நடந்து நீரோட்டம் பார்ப்பவர்களைப் பற்றியும் வாசகர் கேட்டிருக்கிறார். தேங்காய் நிமிர்வது கையின் வேலை, தண்ணீருக்கு அதில் பங்கில்லை. அவர்கள் காட்டிய இடத்தில் பல நேரம் தண்ணீர் வந்திருக்கிறதே என்றால், தூள் கனமாக இருக்கும் தாழ்வான இடத்தில் யார் காட்டினாலும் கொஞ்சம் வரும். தரையில் நாலு கம்பி அடித்து மின்தடை அளக்கும் கருவி நேர்மையானது. ஈரமான சிதைந்த பாறை எவ்வளவு ஆழம் வரை போகிறது என்று சொல்லும். ஆனால் அந்த ஒரு மில்லிமீட்டர் விரிசலை 800 அடி ஆழத்தில் அது காட்டும் என்று யாராவது சொன்னால், தேங்காய்க்காரரே தேவலை. அவர் கூலி குறைவு.

சரி, ஊர்க் குடிநீர்ப் போர் ஏன் சாகிறது? குடிப்பதால் இல்லை. ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் மழை, அதில் பத்தில் ஒரு பங்கு உள்ளே இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால் ஏக்கருக்கு மூன்றேகால் லட்சம் லிட்டர் சேரும். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கு. ஆயிரம் பேர் உள்ள ஊருக்கு ஆண்டுக்கு இரண்டு கோடி லிட்டர். அறுபத்திரண்டு ஏக்கரில் சேரும் தண்ணீர் போதும். ஆனால் ஓர் ஏக்கர் நெல்லுக்கு ஒரு போகத்துக்கு 1,200 மில்லிமீட்டர் வேண்டும். அது பதினைந்து ஏக்கரின் சேமிப்பு. நாலே கால் ஏக்கர் போர்ப் பாசன நெல், ஆயிரம் பேரின் ஓராண்டுக் குடிநீரைக் குடித்துவிடும். விவசாயியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதைச் சொல்லவில்லை. தொட்டி எவ்வளவு சிறியது என்று காட்டவே சொன்னேன்.

மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜார் கிராமம் இதைப் புரிந்துகொண்டது. பாசனத்துக்குப் போர் போடக் கூடாது என்று ஊரே முடிவெடுத்தது. ஒவ்வோர் ஆண்டும் மழையைக் கணக்கிட்டு, அதற்கு ஏற்ற பயிரைத்தான் வைக்கிறார்கள். 'அதிசய' நிலத்தடி நீர்ச் செறிவூட்டல் கருவிகளை நம்ப வேண்டாம். அங்கே கைகொடுத்தவற்றில் நோட்டுப் புத்தகமும் ஊர்க் கட்டுப்பாடும் முக்கியம்.

வாசகருக்கு என் யோசனைகள் இவ்வளவுதான். 1,200 அடிக்கு வைத்திருக்கும் பணத்தில் பழைய கிணற்றைத் தூர் வாருங்கள். ஓடைத் தண்ணீரை, முதலில் ஒரு குழியில் மண்டியைத் தங்கவிட்டு, கிணற்றுக்குள் இறக்குங்கள். போருக்குள் நேராக அழுக்குத் தண்ணீரை விடாதீர்கள், விரிசல் அடைபடும், குடிநீரும் கெடும். ஊருணியையும் கண்மாயையும் வாரினால் நிரம்புவது மேலே இருக்கும் அந்தத் தூள்தான். பெரிய மோட்டாரை விற்றுவிட்டுச் சின்னது போடுங்கள். ஒரேயடியாக இழுக்காமல் ஒரு மணி ஓட்டி, இரண்டு மணி நிறுத்துங்கள், விரிசலுக்கு ஊற நேரம் வேண்டும்.

அப்புறம், அளந்து பாருங்கள். மோட்டார் இறக்கும்போதே முக்கால் இன்ச் பிவிசி குழாய் ஒன்றையும் கூட இறக்கச் சொல்லுங்கள். இரண்டு இழை ஒயரை முனையில் தோல் உரித்து, அந்தக் குழாய் வழியே விடுங்கள். மேல் முனையில் மல்டிமீட்டர். தண்ணீரைத் தொட்டதும் எண் அசையும். ஒயரில் அந்த இடத்தைக் கிள்ளிப் பிடித்து, வெளியே இழுத்து, டேப்பால் அளந்து நோட்டில் எழுதுங்கள். மாதம் ஒரு தடவை போதும். தை மாதத்தில் மட்டம் எங்கே நின்றது என்று தெரிந்தால், சித்திரை வரை தாங்குமா என்று நீங்களே சொல்லிவிடலாம்.

ஸ்ரீரங்கத்து அத்தைக்கும் ஒரு வார்த்தை. உங்கள் தொட்டி மணல்தான். லாரி லாரியாக ஆற்று மணல் போகும்போது தொட்டியே போகிறது. ஆற்றின் மட்டம் இறங்கினால் உங்கள் வீட்டு மட்டமும் கூடவே இறங்கும். திருச்சிப் பக்கத்து அந்த ஆற்றுப் படுகையிலிருந்துதான் ராமநாதபுரம் வரை குழாயில் குடிநீர் போகிறது.

கடைசியாக, அந்த மூன்று பழைய போர்கள். போரின் வாயை இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்தோ, போல்ட் போட்ட வலுவான மூடியாலோ மூட வேண்டும், கைவிட்ட போரைக் களிமண்ணும் மணலும் கல்லும் போட்டு அடியிலிருந்து நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே வழிகாட்டியிருக்கிறது. நடுக்காட்டுப்பட்டி நடந்தது அதற்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து. தண்ணீர்க் கணக்கை நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம், போர்களை இன்றைக்கே மூடிவிடுங்கள்.