1981 பிரித்தானியப் பாதுகாப்பு மீளாய்வு

1981 பிரித்தானியப் பாதுகாப்பு மீளாய்வு என்பது ஐக்கிய இராச்சியத்தின் படையமைப்பையும் பாதுகாப்புச் செலவினங்களையும் மாற்றியமைக்கும் நோக்குடன் 1981 ஜூன் 25 அன்று அந்நாட்டு அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை ஆகும். அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஜான் நாட் இதனை முன்வைத்ததால் இது நாட் மீளாய்வு எனவும் அழைக்கப்படுகிறது. கடற்படையின் மேற்பரப்புக் கப்பல்களைக் குறைப்பது, பழைய கப்பல்களைப் புதுப்பிக்காமல் விலக்குவது, உபரியாகும் கப்பல்களை விற்பது ஆகியவை இதன் முதன்மையான முடிவுகளாகும். அறிக்கை வெளியாகி ஓராண்டு முடிவதற்குள் போக்லாந்து போர் மூண்டதால் இம்முடிவுகளில் பல கைவிடப்பட்டன.

பின்னணி

1977 இல் நேட்டோ உறுப்பு நாடுகள் தமது பாதுகாப்புச் செலவை ஆண்டுதோறும் உண்மை மதிப்பில் 3 விழுக்காடு உயர்த்த இணங்கின. 1979 இல் பதவியேற்ற மார்கரெட் தாட்சரின் அரசும் இவ்விலக்கை ஏற்றுக்கொண்டது. ஆகவே, மீளாய்வு நடந்த காலத்தில் பாதுகாப்பு நிதி உயர்ந்துகொண்டுதான் இருந்தது. ஆயினும் அது போதவில்லை. இதற்குப் பின்வருவன காரணங்களாகும்.

படைக்கலங்களின் விலை, நாட்டின் பொதுவான விலைவாசியைவிட விரைவாக உயர்ந்தது. ஒவ்வொரு தலைமுறைப் போர்க்கப்பலும் தான் ஈடுசெய்யும் பழைய கப்பலைவிடப் பன்மடங்கு விலை கொண்டதாக இருந்தது. இதனால் நிதி உயர்ந்தாலும் வாங்கக்கூடிய கப்பல்களின் எண்ணிக்கை குறைந்தது.

அக்காலத்தில் நாட்டில் பொருளாதாரப் பின்னடைவு நிலவியது. பொதுச் செலவைக் கட்டுப்படுத்துவது அரசின் கொள்கையாக இருந்தது.

அமெரிக்காவிடமிருந்து டிரைடென்ட் அணு ஏவுகணைகளை வாங்க 1980 ஜூலையில் முடிவு செய்யப்பட்டது. இப்பெருஞ்செலவுக்கும் அதே பாதுகாப்பு நிதியிலிருந்தே இடம் காண வேண்டியிருந்தது.

பிரித்தானியப் படைகளின் கடமைகளாக நான்கினை அறிக்கை வரையறுத்தது. அவை அணு ஆயுதத் தடுப்பாற்றல், தாய்நாட்டின் பாதுகாப்பு, மேற்கு செருமனியில் நிலைகொண்ட தரைப்படை மற்றும் வான்படை, கிழக்கு அத்திலாந்திக்கிலும் ஆங்கிலக் கால்வாயிலும் கடற்பாதுகாப்பு என்பன. முதல் மூன்றிலும் பெரிய குறைப்புக்கு இடமில்லை எனக் கருதப்பட்டதால் சுமையின் பெரும்பகுதி நான்காவதாகிய கடற்படையின் மீது விழுந்தது.

முக்கிய முடிவுகள்

சோவியத் நீர்மூழ்கிக் கப்பல்களை எதிர்கொள்ள, விலை மிகுந்த மேற்பரப்புக் கப்பல்களைவிட நீர்மூழ்கிகளும் கடற்சுற்றுக்காவல் வானூர்திகளும் பொருத்தமானவை என அறிக்கை கருதியது. இதன் அடிப்படையில் பின்வரும் முடிவுகள் எடுக்கப்பட்டன.

நாசகாரிக் கப்பல்கள், பிரிகேட் கப்பல்கள் ஆகியவற்றின் எண்ணிக்கை 59 இலிருந்து ஏறத்தாழ 50 ஆகக் குறைக்கப்படும்.

இன்வின்சிபிள் வகையைச் சேர்ந்த மூன்று வானூர்தி தாங்கிக் கப்பல்களில் இரண்டு மட்டுமே வைத்துக்கொள்ளப்படும். பழைய ஹெர்மிஸ் கப்பல், இரண்டாவது புதிய கப்பல் பணிக்கு வந்ததும் விலக்கப்படும்.

பழைய பிரிகேட் கப்பல்களை நடுவயதில் பெருஞ்செலவில் புதுப்பிக்கும் வழக்கம் கைவிடப்படும்.

சாத்தம் கப்பல் தளம் மூடப்படும். போர்ட்ஸ்மத் தளம் சுருக்கப்படும்.

தென் அத்திலாந்திக்கில் பணியாற்றிய என்டியூரன்ஸ் என்னும் சுற்றுக்காவல் கப்பல் திரும்பப் பெறப்படும்.

இம்முடிவுகளுக்குக் கடற்படையில் கடும் எதிர்ப்பு எழுந்தது. கடற்படைத் தலைவர் அட்மிரல் ஹென்றி லீச் இவற்றை எதிர்த்து வாதிட்டார். கடற்படைக்குப் பொறுப்பான இளநிலை அமைச்சர் கீத் ஸ்பீட், குறைப்புக்கு எதிராக வெளிப்படையாகப் பேசியதால், அறிக்கை வெளியாகும் முன்பே 1981 மே மாதத்தில் பதவி நீக்கப்பட்டார்.

உபரிக் கப்பல்களின் விற்பனை

ஒரு கடற்படை கப்பலொன்றை உபரி என அறிவித்தால் அதனைச் சேமத்தில் நிறுத்தலாம், உடைப்பதற்கு விற்கலாம் அல்லது வேறொரு நாட்டின் கடற்படைக்கு விற்கலாம். மூன்றாம் வழியில் விற்கும் நாட்டுக்குக் கிடைக்கும் தொகை, புதிய கப்பலின் விலையோடு ஒப்பிட்டால் சிறியது. ஆயினும் மாலுமிகள், எரிபொருள், பராமரிப்பு ஆகிய தொடர்செலவுகள் நீங்குவதே பெரிய சேமிப்பாகும். வாங்கும் நாட்டுக்கோ பல ஆண்டுகள் காத்திராமல் குறைந்த விலையில் கப்பல் கிடைக்கிறது.

இவ்வகையில், 1980 இல்தான் பணியில் சேர்ந்திருந்த இன்வின்சிபிள் கப்பலை 17.5 கோடி பவுண்டுக்கு ஆஸ்திரேலியாவுக்கு விற்பதாக 1982 பெப்ரவரி 25 அன்று அறிவிக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவின் மெல்பேர்ண் என்னும் பழைய வானூர்தி தாங்கிக் கப்பலுக்கு மாற்றாக இது அமையவிருந்தது. டைட்பூல் என்னும் எரிபொருள் கப்பலும் நோர்போக் என்னும் நாசகாரிக் கப்பலும் சிலிக்கு விற்கப்பட்டன.

போக்லாந்து போர்

1982 ஏப்ரல் 2 அன்று ஆர்ஜென்டீனா போக்லாந்து தீவுகளைக் கைப்பற்றியது. மூன்று நாட்களில் பிரித்தானியக் கப்பற்படையணி போர்ட்ஸ்மத்திலிருந்து புறப்பட்டது. அதனை ஆயத்தப்படுத்தியவர்களில் ஆட்குறைப்பு அறிவிப்பைப் பெற்றிருந்த கப்பல் தளத் தொழிலாளர்களும் இருந்தனர். அணியின் முதன்மைக் கப்பலாக ஹெர்மிஸ் சென்றது. உடன் சென்ற மற்றொரு வானூர்தி தாங்கி இன்வின்சிபிள். முன்னது விலக்கப்படவிருந்த கப்பல். பின்னது விற்கப்பட்டுவிட்ட கப்பல். இவ்விரண்டிலிருந்தும் பறந்த சீ ஹாரியர் வானூர்திகள் இன்றி 8,000 மைல்களுக்கு அப்பால் படையணிக்கு வான்பாதுகாப்பு அளிக்க வேறு வழி இருக்கவில்லை. சிலியை நோக்கிச் சென்றிருந்த டைட்பூல் கப்பலும் போர்ப் பணிக்குத் திரும்ப அழைக்கப்பட்டது.

எதிரணியிலும் வாங்கப்பட்ட கப்பல்கள் இருந்தன. ஆர்ஜென்டீனாவின் வானூர்தி தாங்கிக் கப்பல் வெயின்டிசின்கோ டி மாயோ, முதலில் பிரித்தானியக் கடற்படையில் வெனரபிள் என்ற பெயரில் இருந்து, பின்னர் நெதர்லாந்து வழியாக ஆர்ஜென்டீனாவை அடைந்தது. 1982 மே 2 அன்று பிரித்தானிய நீர்மூழ்கி காங்கரரால் மூழ்கடிக்கப்பட்ட ஜெனரல் பெல்கிரானோ, பேர்ள் துறைமுகத் தாக்குதலில் தப்பிய பீனிக்ஸ் என்னும் அமெரிக்கக் கப்பலாகும். அது 1951 இல் ஆர்ஜென்டீனாவுக்கு விற்கப்பட்டது. அதில் இருந்தோரில் 323 பேர் இறந்தனர். பிரித்தானியா இழந்த செபீல்டு, கவென்ட்ரி ஆகிய நாசகாரிக் கப்பல்களை ஒத்த 42 ஆம் வகைக் கப்பல்கள் இரண்டு ஆர்ஜென்டீனாவிடமும் இருந்தன.

1982 ஜூன் 14 அன்று ஆர்ஜென்டீனப் படைகள் சரணடைந்தன. போரில் 255 பிரித்தானியப் படையினரும் 649 ஆர்ஜென்டீனரும் தீவுவாசிகள் மூவரும் உயிரிழந்தனர்.

விளைவுகள்

ஆஸ்திரேலியாவின் இசைவுடன் 1982 ஜூலையில் இன்வின்சிபிள் விற்பனை கைவிடப்பட்டது. மூன்று வானூர்தி தாங்கிகளையும் வைத்துக்கொள்வது எனவும் இழந்த கப்பல்களுக்கு மாற்றாகப் புதியவை கட்டுவது எனவும் 1982 டிசம்பரில் வெளியான மற்றொரு வெள்ளை அறிக்கை தெரிவித்தது. என்டியூரன்ஸ் கப்பலும் பணியில் நீடித்தது. எனினும் சாத்தம் தளத்தை மூடும் முடிவு மாறவில்லை. 400 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு கொண்ட அத்தளம் 1984 இல் மூடப்பட்டது. ஆஸ்திரேலியா மெல்பேர்ண் கப்பலுக்கு மாற்று வாங்கவில்லை. அக்கப்பல் 1985 இல் உடைப்பதற்காகச் சீனாவுக்கு விற்கப்பட்டது.

மதிப்பீடு

என்டியூரன்ஸ் கப்பலை விலக்கும் அறிவிப்பு, தீவுகளைக் காப்பதில் பிரித்தானியாவுக்கு ஆர்வமில்லை என்ற எண்ணத்தை ஆர்ஜென்டீனாவில் ஏற்படுத்தியது என்பது மீளாய்வு மீதான முக்கிய விமர்சனமாகும். போருக்கு முந்தைய நிகழ்வுகளை ஆராய்ந்து 1983 ஜனவரியில் வெளிவந்த பிராங்க்ஸ் குழுவின் அறிக்கை, படையெடுப்புக்கு அரசைப் பொறுப்பாக்க முடியாது எனக் கூறியது. ஆனால் என்டியூரன்ஸ் பற்றிய அறிவிப்பு உசிதமானதன்று எனவும் குறிப்பிட்டது.

மீளாய்வை ஆதரிப்போர், கப்பல்களின் விலையேற்றமும் நிதிப் பற்றாக்குறையும் உண்மையானவை என்றும், சோவியத் ஒன்றியமே அன்றைய முதன்மை அச்சுறுத்தல் என்றும் வாதிடுகின்றனர். எதிர்ப்போரோ, ஒரே எதிரியை மட்டும் கருத்திற்கொண்டு கடற்படையை வடிவமைத்ததே பிழை என்கின்றனர். ஆர்ஜென்டீனா மேலும் ஈராண்டு காத்திருந்தால் ஹெர்மிஸ், இன்வின்சிபிள் ஆகிய இரண்டுமே பிரித்தானியாவிடம் இருந்திருக்க மாட்டா என்பதை அவர்கள் சுட்டிக்காட்டுகின்றனர்.

கப்பல்களின் பிற்கால வரலாறு

இன்வின்சிபிள் 2005 இல் பணியிலிருந்து விலக்கப்பட்டு, 2011 இல் உடைப்பதற்காகத் துருக்கிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. ஹெர்மிஸ் கப்பலை இந்தியா வாங்கியது. அது புதுப்பிக்கப்பட்டு, 1987 மே 12 அன்று விராட் என்ற பெயரில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. 1959 இல் முதன்முதலாகப் பணியில் சேர்ந்த அக்கப்பல், பிரித்தானியாவைவிட இந்தியாவிலேயே நீண்டகாலம் பணியாற்றி, 2017 மார்ச் 6 அன்று மும்பையில் ஓய்வு பெற்றது. அருங்காட்சியகமாக்கும் முயற்சிகள் கைகூடாத நிலையில், 2020 செப்டம்பரில் உடைப்பதற்காகக் குசராத்தின் அலங்கு கடற்கரைக்கு அது இழுத்துச் செல்லப்பட்டது.