வறட்சிக்கு இரண்டு ரூபாய்

2015 அக்டோபரில் மகாராஷ்டிர அரசு பெட்ரோல், டீசல் மீது லிட்டருக்கு இரண்டு ரூபாய் கூடுதல் வரி போட்டது. சொன்ன காரணம் வறட்சி. அதற்கு முந்தைய ஆண்டு தென்மேற்குப் பருவமழை நாடு முழுக்கச் சராசரியைவிட 12 சதவீதம் குறைந்திருந்தது. அந்த ஆண்டு 14 சதவீதம். மாநிலத்தின் மராத்வாடா பகுதியில் கிணறுகள் வறண்டு, அணைகள் சேறாகிக் கிடந்தன. 2016 ஏப்ரலில் மிரஜிலிருந்து அங்குள்ள லாத்தூருக்கு ரயிலில் குடிநீர் ஏற்றிப் போனார்கள். முதல் நடையில் பத்து டேங்கர் வேகன்கள், வேகனுக்குச் சுமார் 50,000 லிட்டர். அந்தப் பாதையில் அன்று மின்கம்பி கிடையாது. தண்ணீர் ரயிலை இழுத்தது டீசல் எஞ்சின்.

பின்னர் மழை பெய்தது. வரி போகவில்லை. நெடுஞ்சாலை ஓர மதுக்கடைகளை மூடச் சொன்ன உச்ச நீதிமன்ற உத்தரவால் வருமானம் குறைந்தபோது, 2017 ஏப்ரலில் பெட்ரோல் மீதான கூடுதல் வரியில் மேலும் மூன்று ரூபாய் ஏறியது. வறட்சியின் பெயரால் திறந்த கணக்கில் மதுக்கடை நஷ்டமும் சேர்ந்துகொண்டது.

இந்த வரியைக் கட்டும் இடங்களில் ஒன்று, புனே ரயில் நிலையத்துக்குக் கிழக்கே இருக்கும் கோர்படி. டீசல் எஞ்சின்களைப் பழுது பார்க்கும் லோகோ ஷெட் இங்கேதான். ரயில்வே வேலைக்கும் கன்டோன்மென்ட் வேலைக்கும் வந்து பல தலைமுறையாகத் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் இங்கே உண்டு. ரயில்வே கேட் மூடினால் இருபுறமும் பைக்குகளும் ஆட்டோக்களும் எஞ்சினை அணைக்காமல் காத்து நிற்பது நெடுங்காலமாக இந்தப் பகுதியின் தலைவலி. பெட்ரோல் விலை ஏறும் நாளில் இது போன்ற இடங்களில் எழும் பேச்சு இந்தியா முழுக்க ஒன்றுதான்: “வெயில் கூடுறதுக்கும் நான் போடுற பெட்ரோலுக்கும் என்ன சம்பந்தம்? எல்லாம் வரி வசூலிக்க ஒரு சாக்கு.”

இந்தப் பேச்சில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. பூமி சூடாவது யாரால் என்பது ஒன்று. அதற்கான செலவை யார் தலையில் கட்டுவது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு அறிவியல் தெளிவாகப் பதில் சொல்லிவிட்டது. இரண்டாவதில் மக்களின் கோபத்துக்கு வலுவான நியாயம் இருக்கிறது. பிரித்துப் பார்க்காததால் வரி மீதான கோபம் அறிவியல் மீது பாய்கிறது.

முதல் கேள்விக்கான சாட்சியங்களைச் சேகரித்தவர்களில் புனேக்காரர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். 1928-இல் வானிலைத் துறைத் தலைமையகம் சிம்லாவிலிருந்து இங்கே வந்தது. சிவாஜி நகரில் அந்தக் கட்டடத்துக்கு இன்றும் ‘சிம்லா ஆபீஸ்’ என்றுதான் பெயர். 1962-இல் தொடங்கிய இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் நகரின் மேற்கே பாஷானில் இருக்கிறது. விடுமுறை நாளில் புனேவாசிகள் பிட்லா-பாக்ரி சாப்பிட ஏறிப்போகும் சிங்ககட் கோட்டையில் இந்த நிறுவனத்தார் 2009 முதல் குடுவைகளில் காற்றைப் பிடித்துவந்து கரியமில வாயுவை அளந்தார்கள். மழைக்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை பச்சை பிடிக்கும்போது அளவு இறங்கும். செடிகள் வாயுவை உறிஞ்சுவதால் வரும் இறக்கம் அது. கோடையில் மறுபடி ஏறும். ஆண்டுதோறும் இப்படி ஏறி இறங்கினாலும் உலகச் சராசரி மட்டும் மேலேதான் போகிறது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளவெடுப்பு தொடங்கிய 1958-இல் காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 315 பங்காக இருந்த கரியமில வாயு, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது.

கூடிய வாயு எங்கிருந்து வந்தது? எரிமலையிலிருந்து என்பார்கள் சிலர். உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஓராண்டில் விடுவது, மனிதர் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கரியின் உள்ளேயே இன்னொரு அடையாளமும் இருக்கிறது. உயிருள்ள மரத்திலும் செடியிலும் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கரி சிறிதளவு இருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த எண்ணெயிலும் நிலக்கரியிலும் அது முற்றிலும் அழிந்துபோயிருக்கும். அந்தப் பழைய கரி கலக்கக் கலக்கக் காற்றில் கார்பன்-14-இன் பங்கு நீர்த்துவருவதை ஹான்ஸ் சூஸ் 1950-களிலேயே மர வளையங்களில் கண்டு சொன்னார்.

வெப்ப உயர்வில் சூரியனுக்குப் பெரிய பங்கு உண்டு என்ற வாதம் நம் நாட்டிலும் பெரிய இடத்திலிருந்து வந்தது. இஸ்ரோவின் முன்னாள் தலைவர் யு.ஆர். ராவ் 2011 ஜனவரியில் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். கடந்த 150 ஆண்டுகளில் சூரியனின் செயல்பாடு கூடியதால் பூமிக்கு வரும் அண்டக்கதிர் சுமார் 9 சதவீதம் குறைந்துவிட்டது. அதனால் தாழ்வான மேகங்கள் குறைந்து வெயில் கூடியது என்பது அவர் வாதம். ராவ் சாதாரண ஆளல்ல. விக்ரம் சாராபாயிடம் அண்டக்கதிர் ஆராய்ச்சியில் பயின்றவர். அந்த வாதத்தைச் சோதித்துப் பார்ப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை. சோதித்தார்கள். ஜெனிவா அருகே செர்ன் ஆய்வகத்தில் ‘கிளவுட்’ என்ற அறையில் துகள் கற்றையைப் பாய்ச்சி மேக விதைகள் உருவாவதை அளந்தார்கள். 2016-இல் வெளியான முடிவுப்படி, இந்த வழியாக அண்டக்கதிரின் ஏற்ற இறக்கம் இன்றைய தட்பவெப்பத்தைக் குறிப்பிடும்படி மாற்றுவதில்லை. 1970-களின் இறுதியிலிருந்து செயற்கைக்கோள்கள் அளந்துவரும் சூரிய ஒளியிலும் கூடும் போக்கு இல்லை. சூரியனால் சூடாகியிருந்தால் மேல் வளிமண்டலமும் சூடாகியிருக்க வேண்டும். அது குளிர்ந்துவருகிறது. கீழே வெப்பத்தைப் பிடித்துவைக்கும் கரியமில வாயுப் போர்வை தடித்தால் மேலே அப்படித்தான் ஆகும்.

சரி, உலகம் 1.1 டிகிரி சூடானபோது இந்தியா குறைவாகத்தானே சூடாகியிருக்கிறது என்று கேட்பவர்களுக்கும் பாஷான் பதில் வைத்திருக்கிறது. அந்த நிறுவனத்தின் விஞ்ஞானிகள் முன்னின்று தயாரித்து, 2020-இல் புவி அறிவியல் அமைச்சகம் வெளியிட்ட அறிக்கை, 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரி கூடியது என்கிறது. புகையும் தூசியும் நில மாற்றங்களும் வெப்ப உயர்வில் ஒரு பகுதியை மறைத்திருக்கின்றன. அதே புகைமூட்டம் மழையையும் கெடுத்தது. 1951 முதல் 2015 வரை பருவமழை சுமார் 6 சதவீதம் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இதே நிறுவனத்தைச் சேர்ந்த ராக்சி மேத்யூ கோல் குழுவினர் 2017-இல் சொன்னது இன்னும் கவலை தருவது: மத்திய இந்தியாவில் பரந்த பகுதியில் கொட்டித்தீர்க்கும் கனமழை 1950-இலிருந்து மூன்று மடங்காகியிருக்கிறது.

2015 வறட்சியை மட்டும் எடுத்துக்கொண்டால், அந்த ஆண்டு பசிபிக்கில் எழுந்த வலுவான எல் நினோவுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. கரும்புக்குப் பாய்ச்சிய தண்ணீருக்கும் உண்டு. ஒவ்வொரு வறட்சியையும் புவி வெப்பமயமாதலின் தலையில் போடுவது அறிவியலும் அல்ல, அதற்கு உதவியும் அல்ல.

இப்போது வரிக்கு வருவோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகும். 2022 மே மாதக் குறைப்புக்குப் பிறகு மத்திய அரசின் கலால் வரி லிட்டருக்கு 19.90 ரூபாயாக இருந்தது. கணக்குப் போட்டால் ஒரு டன் கரியமில வாயுவுக்கு ஏறக்குறைய 8,600 ரூபாய். மாநில வாட் தனி. அதே காலத்தில் நிலக்கரிக்கு டன்னுக்கு 400 ரூபாய் செஸ். ஒரு டன் நிலக்கரி எரிந்தால் சுமார் ஒன்றரை டன் வாயு வரும் என்று வைத்தால், வாயு டன்னுக்கு 270 ரூபாய்கூட ஆகாது. ஷிஃப்ட் வேலைக்கு பைக்கில் போகிறவர் விடும் புகைக்கு, அனல்மின் நிலையப் புகையைப்போல் முப்பது மடங்குக்கு மேல் வரி! சாலைச் செலவு, நெரிசல், நகரத்துக் காற்று என்று பெட்ரோலுக்கு அதிக வரி போட நியாயம் சொல்லலாம்தான். ஆனால் இந்த அளவு வித்தியாசத்துக்குக் காரணம் சுற்றுச்சூழல் அக்கறை இல்லை. பெட்ரோல் பங்கில் வசூலிப்பது எளிது, அவ்வளவுதான்.

அந்த 19.90-ஐப் பிரித்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். அடிப்படைக் கலால் 1.40. சிறப்புக் கூடுதல் கலால் 11. சாலை, உள்கட்டமைப்பு செஸ் 5. விவசாய உள்கட்டமைப்பு செஸ் 2.50. மாநிலங்களோடு பங்கிட வேண்டியது அந்த 1.40 மட்டும்தான். தட்பவெப்ப மாற்றத்துக்கென்று ஒரு பைசாகூட இதில் ஒதுக்கப்படவில்லை.

அதற்கென்றே போட்ட வரியின் கதையும் ஆறுதல் தருவதல்ல. 2010-இல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாயில் தொடங்கிய தூய ஆற்றல் செஸ், 2016-இல் 400 ஆனது. 2017-18 வரை வசூலானது சுமார் 86,000 கோடி ரூபாய். தூய ஆற்றல் நிதிக்குப் போய்ச் சேர்ந்தது 30,000 கோடிக்கும் குறைவு. 2017-க்குப் பின் அந்த 400 ரூபாயே ஜிஎஸ்டி இழப்பீட்டு செஸ்ஸாக மாறிவிட்டது. 2025 செப்டம்பரில் அதுவும் நீங்கி, நிலக்கரி மீதான ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 18 ஆனது.

பிரான்ஸில் 2018 நவம்பரில் மஞ்சள் சட்டைக்காரர்கள் தெருவுக்கு வந்ததும் எரிபொருள் வரி உயர்வால்தான். பஸ்ஸும் ரயிலும் எட்டாத சிற்றூர்களில் காரை விட்டால் வேறு வழி இல்லாதவர்கள் அவர்களில் ஏராளம். டிசம்பரிலேயே அரசு பின்வாங்கியது. இலங்கையில் 2019 ஜனவரியில் வாகனங்களுக்கு வந்த கார்பன் வரி, ஆட்சி மாறியதும் அந்த ஆண்டு முடிவதற்குள் நீக்கப்பட்டது.

கோர்படியிலிருந்து ஹடப்சருக்கோ சாக்கனுக்கோ வேலைக்குப் போகிறவர் பெட்ரோலில் இன்னும் ஐந்து ரூபாய் ஏறினால் பைக்கை நிறுத்திவிட மாட்டார். ஷிஃப்ட் முடியும் நேரத்துக்கு பஸ் வந்தால் நிறுத்துவார். சிறப்புக் கூடுதல் கலாலில் ஒரு பங்கை நகரப் பேருந்துகளுக்கென்று சட்டத்திலேயே எழுதி, எந்த ஊருக்கு எத்தனை பஸ் வாங்கினோம் என்று ஆண்டுதோறும் கணக்கு வெளியிட மத்திய அரசால் முடியும். மகாராஷ்டிர அரசும் 2015-இல் தொடங்கிய கூடுதல் வரியில் வறட்சிக்குப் போனது எவ்வளவு என்று லாத்தூர்க்காரருக்கும் கோர்படிக்காரருக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. அடுத்த உயர்வை அறிவிப்பதற்கு முன்னால் இந்த இரண்டும் நடக்க வேண்டும்.